கிரிப்டோவைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது எப்படி: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

எங்கள் சித்தப்பா வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்தவர். சம்பளத்தில் ஒரு பகுதி யூஎஸ்டிடியாக, அதாவது அமெரிக்க டொலர் பெறுமதியோடு கட்டிய கிரிப்டோ நாணயமாக வரும். அதில் கொஞ்சத்தைப் பிட்கொயினாக மாற்றி வைப்பார். அவர் திடீரென்று போனபோது காணி உறுதி அலுமாரியில் இருந்தது, வங்கிப் புத்தகம் இருந்தது. அவையெல்லாம் வழமையான வழியில் நடந்து முடிந்தன. போனுக்குள் இருந்ததை எடுப்பதற்குத்தான் படாதபாடு பட்டோம். ஒரு பகுதி கிடைத்தது, மிச்சம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. கையெழுத்து வைக்கும் எதையும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

கிரிப்டோவில் உரிமை வேறு, சாவி வேறு. சாவி என்பது நாணயத்தை நகர்த்த வைக்கும் இரகசியச் சொற்கள் அல்லது குறியீடு. "இது மகளுக்கு" என்று நீதிமன்றமே கட்டளையிட்டாலும் சாவி இல்லாவிட்டால் ஒரு சதமும் நகராது. சாவி வைத்திருப்பவரோ உரிமை எதுவும் இல்லாமலே இரவோடிரவாக எல்லாவற்றையும் தன் பக்கம் மாற்றிவிடலாம். முறையிட ஒரு வங்கி மனேஜர்கூட இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம், உங்களுக்குப் பிறகு மட்டும் போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள வேலையெல்லாம் அதற்குத்தான்.

1. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாள் போதும். தொகையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பினான்ஸ் கணக்கு. திறந்தது என் ஜிமெயிலில். உள்நுழையும் குறியீடு வருவது டயலொக் சிம்முக்கும் பழைய சம்சுங் போனில் உள்ள கூகிள் ஒதென்டிகேட்டருக்கும். ட்ரஸ்ட் வொலட், அதே போனில். உள்ளே யூஎஸ்டிடி, ட்ரொன் நெட்வேர்க். லெட்ஜர் கருவி அலுமாரியின் மேல்தட்டில், உள்ளே பிட்கொயின். அதன் 24 சொற்கள் வேறு இடத்தில். இடம் தம்பிக்குத் தெரியும்."

எழுதும்போதே இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ் கணக்கில், அதாவது பினான்ஸ் போன்ற வாங்கி விற்கும் தளத்தில் இருப்பது அந்தக் கம்பனியின் கையில் இருக்கிறது. ஆவணம் காட்டி வாரிசு கேட்கலாம். உங்கள் சொந்த வொலட்டில் (ட்ரஸ்ட் வொலட், லெட்ஜர்போலச் சாவியை நீங்களே வைத்திருக்கும் அப் அல்லது கருவி) இருப்பதற்குக் கேட்க ஆளே இல்லை, சொற்கள் மட்டும்தான். பெரும்பாலான வீடுகளில் இந்த வித்தியாசமே தெரியாது. சித்தி மாதக்கணக்கில் வொலட் அப் கம்பனிக்கு ஈமெயில் போட்டுக்கொண்டிருந்தா. அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

வாங்கிய திகதியும் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். ஏன் என்பது 4ஆம் படியில் வரும்.

2. சொற்களைப் பத்திரப்படுத்துங்கள்

வொலட் திறக்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். 2048 சொற்கள் கொண்ட ஒரு நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை அவை. போன் உடைந்தாலும் கருவி தொலைந்தாலும் இந்தச் சொற்கள் வரிசை மாறாமல் இருந்தால் வேறொரு கருவியில் எல்லாம் திரும்ப வரும். சொற்கள் போனால் போனதுதான்.

பெரிய எழுத்தில், எண் போட்டு எழுதுங்கள். டொக்டர் துண்டுபோலக் கிறுக்கிவிட்டால் படிக்கப்போவது ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத உங்கள் மனைவியாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. ஆகவே அந்த நான்கு எழுத்தாவது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

கடதாசி நம் ஊருக்குச் சரிவராது. கார்த்திகை மார்கழி மழையில் சுவர் ஈரம் ஊறும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். லமினேட் செய்யலாம் என்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே பார்ப்பவர்களுக்கெல்லாம் சாவி கொடுத்ததாகிவிடும். நல்ல வழி துருப்பிடிக்காத எஃகுத் தகடு. எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். வீட்டில் இருந்து நீங்களே அடியுங்கள். சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து வெட்டுவிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதைக் கைவிடவும்.

படம் எடுக்கவே கூடாது. எடுத்த நிமிடத்திலேயே கூகிள் போட்டோஸுக்குப் போய்விடும். கனடாவில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதும் அதே கதைதான்.

பலர் விழும் குழிகள் இரண்டு. சில கருவிகளில் சொற்களோடு கூடுதலாக ஒரு கடவுச்சொல் வைக்கலாம். 25ஆவது சொல் என்பார்கள். அதை வைத்துவிட்டு எழுதி வைக்காவிட்டால் வாரிசு 24 சொல்லையும் சரியாகப் போட்டும் வெறும் வொலட்டைத்தான் பார்ப்பார். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் குடும்பத்துக்கு விட்டுச் செல்லும் நோக்கம் இருந்தால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மற்றது, மெட்டாமாஸ்க் போன்ற வொலட்டில் வேறிடத்துத் தனிச்சாவியை (ஒரு கணக்கை மட்டும் திறக்கும் நீண்ட குறியீடு) கொண்டுவந்து சேர்த்த கணக்கு இருந்தால், அது உங்கள் சொற்களால் திரும்ப வராது. அதற்கு அந்தச் சாவியைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

தொகை கொஞ்சம் பெரிதென்றால் ஹாட்வெயார் வொலட் ஒன்று, அதாவது சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி வாங்குங்கள். லெட்ஜர், ட்ரெசர் இரண்டிலும் விலை குறைந்த ஆரம்ப மாடல் கிடைக்கும். தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டும்; வெளிநாட்டு உறவினர் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். பெட்டிக்குள் ஏற்கனவே சொற்கள் அச்சடித்து வந்தால் அது மோசடி, பாவிக்கக்கூடாது.

3. எதை எங்கே வைப்பது, யாருக்குச் சொல்வது

சாதாரணக் குடும்பத்துக்கு இது போதும்: கருவி வீட்டில். சொற்கள் அடித்த தகடு இரண்டு, ஒன்று வேறொரு வீட்டில், ஒன்று வங்கி லொக்கரில். முதல் படியில் எழுதிய பட்டியல் ஒட்டிய உறையில் மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ.

லொக்கர் உங்கள் தனிப்பெயரில் இருந்தால் யோசியுங்கள். மரணம் வங்கிக்குத் தெரிந்ததும், நீதிமன்றப் பத்திரம் வரும்வரை பொதுவாகத் திறக்க விடமாட்டார்கள். கூட்டுப் பெயரில் எடுக்கும்போதே இறப்பு நேர்ந்தால் மற்றவர் திறக்கலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

24 சொல்லையும் பாதியாக வெட்டி 12 அண்ணனுக்கு, 12 தங்கைக்கு என்று கொடுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் தொலைந்த மாதிரி. ஒரு பாதி திருடன் கையில் அகப்பட்டால் பாதுகாப்பும் பெருமளவு குறைந்துவிடும். பிரித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் மூன்று சாவியில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் திறக்கும் மல்ட்டிசிக் முறை இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவராவது இதை விளங்கிக் கையாளக்கூடியவராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். விளங்காத பாதுகாப்பும் பூட்டிய கிணறும் ஒன்று.

பின் நம்பரையும் எழுதி வையுங்கள். லெட்ஜரில் மூன்று முறை, ட்ரெசரில் 16 முறை பிழையாக அடித்தால் கருவி தன்னை அழித்துக்கொள்ளும். சொற்கள் இருந்தால் திரும்ப எடுக்கலாம் என்றாலும், செத்தவீட்டுப் பதற்றத்தில் அது நடந்தால் வீட்டில் ஒப்பாரி இரட்டிப்பாகும்.

4. மரண சாசனம் எழுதுங்கள்

இலங்கையில் செல்லுபடியாகும் வழி இரண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசு வழியே நல்லது. ஐந்து பேரையும் பிற்காலத்தில் தேடிப்பிடிப்பது லேசுப்பட்ட காரியமா? பாதிப்பேர் லண்டனில் இருப்பார்கள். பங்கு கிடைக்கப்போகும் ஆளைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

போனில் பேசிப் பதிந்த குரல், ஈமெயில், டிஜிட்டல் கையெழுத்து எதுவும் மரண சாசனம் ஆகாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மரண சாசனத்தை வெளியே நிறுத்தியிருக்கிறது.

மரண சாசனத்தில் சொற்களையோ கடவுச்சொற்களையோ எழுதவே வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் எழுத வெளிக்கிட்டார். நொத்தாரிசின் அலுவலகத்தில் பிரதி இருக்கும், நாளைக்கு வழக்குப் போடும்போது நீதிமன்றப் பைலுக்குள் போகும், எத்தனை பேர் கண் படும் என்று கணக்கே இல்லை. "எனது டிஜிட்டல் சொத்துகள், கிரிப்டோ நாணயங்கள், அவற்றை அணுகப் பயன்படும் கருவிகள் அனைத்தும்" என்று பொதுவாக எழுதி, யாருக்கு என்று சொல்லி, விபரம் தனிப் பட்டியலில் உள்ளது என்று முடித்தால் போதும். எந்த நாணயம், எவ்வளவு என்றெல்லாம் போட்டால் ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் சாசனத்தை மாற்ற வேண்டி வரும்.

சாசனத்தை நிறைவேற்றுபவராக ஒருவரின் பெயர் போட வேண்டும். வழக்கமாகக் குடும்பத்தில் மூத்தவரைப் போடுவார்கள். இந்த விடயத்தில் வயதைப் பார்க்காமல், ஒரு வொலட்டைத் தனியாகத் திறக்கத் தெரிந்த, கைச்சுத்தமான ஆளைப் பாருங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் வழக்குக்கு இங்கே ஒரு ஆளை நியமிக்கச் செலவு கூடும். "அப்பா எனக்கு அற்றோனித் தத்துவம் தந்திருக்கிறார், பிறகென்ன" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கொடுத்தவர் இறந்ததோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

சாசனம் இல்லாவிட்டால்? தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் பேசும். திருமணத்துக்குப் பிறகு தன் உழைப்பில் வாங்கியது தேடியதேட்டம். இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மறுபாதி அவருடைய வாரிசுகளுக்கும் போகும். முதுசக் காணியை விற்ற காசில் வாங்கிய பிட்கொயின் என்றால் கணக்கு வேறு. பணம் எங்கிருந்து வந்தது என்று பட்டியலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

நொத்தாரிசு சிலர் "தம்பி, இது சட்டவிரோதச் சாமானெல்லோ" என்று தயங்குவார்கள். மத்திய வங்கி சொல்லியிருப்பது இதுதான்: மெய்நிகர் நாணயம் சட்டபூர்வ நாணயம் இல்லை, அதை நடத்த யாருக்கும் அனுமதி வழங்கப்படவில்லை, டெபிட், கிரெடிட் கார்டால் அதை வாங்க முடியாது, நட்டப்பட்டால் பாதுகாப்பும் கிடையாது. அந்த அறிவித்தலை அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். கட்டணம் ஆளுக்காள் வேறுபடும். முதல் நாளே முழுத்தொகையும் கேட்டுவிடுங்கள்.

5. எக்ஸ்சேஞ் கணக்குக்கான ஆவணங்கள்

பெரிய தளங்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கொயின்பேஸ் உதாரணத்துக்கு மரணச் சான்றிதழ், நீதிமன்றம் உறுதிப்படுத்திய சாசனம் அல்லது நிர்வாகப் பத்திரம் (சாசனம் இல்லாதபோது நீதிமன்றம் தருவது), உரிமை கோருபவரின் அடையாள ஆவணம், மீதியை என்ன செய்வது என்று கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைக் கேட்கிறது. சில தளங்களில் உயிரோடிருக்கும்போதே வாரிசையோ அவசரத் தொடர்பாளரையோ பதியலாம். பினான்ஸும் 2025இல் இப்படியொரு வசதியைச் சேர்த்தது. உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள், காசு செலவில்லை.

எங்களை அதிகம் அலைக்கழித்தது பெயர். கணக்கு பாஸ்போட்டில் உள்ளபடி இருந்தது. மரணச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், எழுத்துக்கூட்டலும் வேறு. அடையாள அட்டையில் இன்னொரு விதம். ஒரு "எச்" எழுத்துக்காகத் தளத்துக்காரர் பைலைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துத்தான் அடங்கியது. ஆகவே இப்போதே பாஸ்போட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எக்ஸ்சேஞ் கணக்கு நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் உயிரோடிருக்கும் நீங்களே சத்தியக் கடதாசி முடித்து வைப்பது மிக லேசு.

தமிழ்ச் சான்றிதழ்களுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். வெளிநாட்டுக்கு அத்தாட்சிப்படுத்தக் கேட்டால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ் மாவட்டச் செயலகத்தில் கொன்சியூலர் அலுவலகம் உண்டு.

6. போன், சிம், ஈமெயில்

கூகிள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால், குறித்து வைத்த ஆட்களுக்கு அறிவித்து, நீங்கள் அனுமதித்தவற்றைக் கொடுக்கும். பத்துப் பேர்வரை போடலாம். ஐபோன்காரர் லெகசி கொன்டக்ட் (உங்களுக்குப் பிறகு கணக்கை அணுகக்கூடியவர்) போடுங்கள். அதற்குத் தரப்படும் குறியீட்டை அச்சடித்து உறைக்குள் வையுங்கள். ஆனால் கீசெயினில் சேமித்த கடவுச்சொற்கள் அதன் வழியாக வராது, அதை நம்பி இருக்கக்கூடாது.

சிம் இணைப்பை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ரீலோட் போடாமல் விட்டால் இணைப்புப் போகும், பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரும், குறியீடும் அவருக்கே வரும். போன் திறக்கும் எண்ணும் உறைக்குள் இருக்க வேண்டும்.

7. ஒத்திகை பாருங்கள்

உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுப்பதில் பயனில்லை. ஒரு புது வொலட்டில் சிறு தொகை போட்டு, போனிலிருந்து அதை அழித்து, சொற்களை மட்டும் மகளிடம் கொடுத்து "இதைத் திரும்பக் கொண்டுவந்து எனக்கு அனுப்பு" என்று சொல்லுங்கள். எங்கே தடக்குகிறா என்று அப்போதே தெரியும்.

எங்கள் ஊரில் பலர் தடக்குவது ட்ரொன் நெட்வேர்க்கில், அதாவது யூஎஸ்டிடி போய்வரும் பாதைகளில் ஒன்றில். அங்கே உள்ள யூஎஸ்டிடியை அனுப்பக் கட்டணம் ட்ரொனின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸில் போகும். டிஆர்எக்ஸ் இல்லாவிட்டால் ஆயிரம் டொலர் கண்ணுக்கு முன்னால் இருந்தும் அசையாது. ஒவ்வொரு வொலட்டிலும் சில டொலர் பெறுமதிக்கு டிஆர்எக்ஸ் விட்டு வையுங்கள், ஏன் விட்டிருக்கிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள். அனுப்பும்போது நெட்வேர்க் மாறாமல் பாருங்கள்: ட்ரொன் முகவரி "T" எழுத்தில் தொடங்கும். எதீரியம் என்ற இன்னொரு நெட்வேர்க்கின் முகவரி பூச்சியமும் "எக்ஸ்" எழுத்துமாகத் தொடங்கும். முதலில் ஐந்து டொலர் அனுப்பி வந்து சேர்ந்த பிறகே மிச்சம்.

வருடத்துக்கு ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். போன் மாற்றினாலும் எக்ஸ்சேஞ் மாற்றினாலும் அன்றே. சரி, இவ்வளவும் நீங்கள் செய்ய வேண்டியவை. அடுத்தது உங்கள் குடும்பம் செய்ய வேண்டியது. இதைத் தனித்தாளில் எழுதி உறையின் மேல் ஒட்டுங்கள்.

8. மரணத்துக்குப் பிறகு குடும்பத்துக்கு

முதல் வாரம்: போனை யாருக்கும் கொடுக்க வேண்டாம், ரீசெட் பண்ண வேண்டாம், சிம்மை உயிரோடு வைத்திருங்கள். கருவியில் பின் நம்பரை ஊகித்து அடித்துப் பார்க்க வேண்டாம்.

கிராம அலுவலருக்கு அறிவித்து மரணத்தைப் பதிந்து, பிரதேச செயலகத்தில் சான்றிதழின் பிரதிகளை ஒரேயடியாகக் கூடுதலாக எடுங்கள். வங்கி, நீதிமன்றம், மொழிபெயர்ப்பு, எக்ஸ்சேஞ் என்று எல்லா இடமும் ஒவ்வொன்று கேட்பார்கள்.

சாசனம் இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் (சாசனத்தை உறுதிப்படுத்தும் பத்திரம்), இல்லையென்றால் நிர்வாகப் பத்திரம். பத்திரிகை அறிவித்தல், ஆட்சேபனைக்கான அவகாசம் என்று மாதங்கள் ஓடும். இடையில் சந்தை ஏறும், இறங்கும். அதைப் பார்த்துப் பதறி இறந்தவரின் கணக்கில் புகுந்து விற்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தால் கணக்கை முடக்குவார்கள், மற்ற வாரிசுகள் களவு என்பார்கள்.

அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டிலும் இணைய மரண அறிவித்தலிலும் பிறந்த திகதி, தாயின் பெயர், பிள்ளைகள் எந்த நாட்டில் என்று எல்லாவற்றையும் போடுவது நம் வழக்கம். மோசடிக்காரருக்கு அதுவே போதும். அந்தியேட்டி முடிவதற்குள் டெலிகிராமில் யாரோ "உங்கள் அப்பாவின் தொலைந்த கொயினை மீட்டுத் தருகிறோம்" என்று வருவார். முற்பணம் கேட்டாலும் 12 சொல்லைக் கேட்டாலும் அது கள்ளன்தான். உண்மையான கம்பனி எதுவும் சொற்களைக் கேட்காது.

கடைசியில் ரூபாயாக மாற்றும்போது பீடுபீ, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் வழியாகத்தான் பலர் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். அது மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்கும் விசாரணைக்குள் முடங்கலாம். சம்பளமோ பென்சனோ வரும் கணக்கை இதற்குப் பாவிக்காதீர்கள். விற்பவரின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே நாணயத்தை முதலில் வாரிசு தன் சொந்தப் பெயரில் திறந்த கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து சிறு சிறு தொகையாக விற்கட்டும். ஒவ்வொரு விற்பனையின் ரசீதையும் புரொபேட் பத்திரத்தின் பிரதியோடு ஒரே பைலில் வைத்திருங்கள். வங்கி கேள்வி கேட்டால் காட்ட வேண்டியது அந்த பைல்தான்.